வாப்பா வாய் திறக்கும் நேரம்

தென்காசி
8 மார்ச் 2025

தம்பி மன்சூருக்கு,

ஸலாம். உன் சுகத்தை விசாரிக்க எழுதவில்லை, சண்டை போடத்தான் எழுதுகிறேன். அதைப் போனில் போடலாமே என்பாய். வாப்பாவைப் பற்றி இனி நாம் போனில் ஒரு வார்த்தை பேசப்போவதில்லை. முந்தாநாள் ஸ்பீக்கரில் நீ என்ன கத்தினாய் என்று ஞாபகம் இருக்கிறதா? "வாயத் தொறக்கலன்னா டியூப்பப் போட்டுருங்க. இன்னும் எத்தன நாளைக்கு இப்படி இழுத்துக்கிட்டுக் கெடக்கது?" என்றாய். வாப்பா ஓரடி தள்ளிக் கட்டிலில் கிடந்தார். பார்க்கின்சன் அவருடைய நடையை எடுத்தது, பேச்சை எடுத்தது, முகத்தில் சிரிப்பு அழுகை எதுவும் காட்ட முடியாமல் செய்தது. காதை மட்டும் விட்டுவைத்திருக்கிறது. நீ பேசி முடித்ததும் அவர் கண் ஓரமாக ஒழுகியது. நான் துடைத்தேன்.

அதனால் இனி எழுத்துதான். நான் தாளில் எழுதிப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். நீயும் எழுதியே அனுப்பு. தாளுக்குச் சத்தம் கிடையாது.

இப்போது நிலவரம். ஒரு வாரமாக என் கையால் கஞ்சியும் வாங்குவதில்லை, மாத்திரையும் வாங்குவதில்லை. கரண்டியைக் கண்டாலே பல்லைக் கடித்துக்கொள்கிறார். மாத்திரை போகாததால் பகலெல்லாம் கை கால் விறைத்துக் கிடக்கிறது, பக்கம் புரட்டிவிடுவதற்குள் எனக்கு மூச்சு முட்டுகிறது. மேலகரத்திலிருந்து வாரம் இருமுறை ஸ்கூட்டரில் வரும் நர்ஸ் ஜெயபிரியா தொண்டையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "விழுங்குற சக்தி போய்க்கிட்டு இருக்குன்னு நெனைக்கேன்க்கா" என்கிறாள். நரம்பு டாக்டரும் டியூப்பைப் பற்றி யோசித்து வைக்கச் சொன்னார்.

ஆனால் ஒன்று. இரவில் உன் மச்சான் பள்ளிவாசலிலிருந்து வந்து ஊட்டினால் மட்டும் வாங்குகிறார். சமர்த்துப் பிள்ளையாக ஒரு கிண்ணம் காலி. பெற்ற மகளுக்குத் திறக்காத வாய் மருமகனுக்குத் திறக்கிறது. டாக்டரிடம் கேட்டேன், இந்த நோயில் ஒரு நேரம்போல் ஒரு நேரம் இருக்காது என்றார். மச்சானோ அதற்குள் மிதப்பில் இருக்கிறார். "எல்லாம் கைராசிதான் நூரு" என்று என்னையே சீண்டுகிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எட்டு வருடமாக மலம் மூத்திரம் அள்ளிய கை இது. அந்தக் கையை வேண்டாம் என்கிறாரே என்று மனசு விட்டுப்போய்க் கிடக்கிறேன்.

நூர்நிஷா

*

தம்மாம்
10 மார்ச் 2025

லாத்தா,

ஸ்பீக்கர் போட்டிருந்தது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அப்படிப் பேசியிருப்பேனா? அன்றிலிருந்து எனக்கும் சரியான தூக்கம் இல்லை. வாப்பாவிடம் என் சார்பில் மன்னிப்புக் கேள். இல்லை, நீ கேட்க வேண்டாம், வந்து நானே கேட்கிறேன்.

ஆனால் நான் சொன்னது தப்பில்லை, சொன்ன விதம்தான் தப்பு. போன வருடம் கஞ்சி நுரையீரலுக்குள் போய், ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் வைத்துக் கிடந்தாரே, அதற்குள் மறந்துவிட்டாயா? அன்று என்னை விமானம் ஏறி வரச் சொல்லி அழுதவள் நீதான். இப்போது நீ அனுப்பிய படத்தில் தோள் எலும்பு சட்டைக்கு வெளியே தெரிகிறது. இங்கே என்னோடு வேலை செய்யும் மலையாளியின் அப்பாவுக்கு வயிற்றில் டியூப் வைத்து இரண்டு வருடமாக நன்றாக இருக்கிறாராம். புரை ஏறுவதும் இல்லை, மாத்திரை தவறுவதும் இல்லை. பட்டினி கிடப்பதைவிட அது மோசமா?

கோபப்படாமல் கேள். உனக்குக் கை வேகம் அதிகம். சின்ன வயதில் எனக்கே நீ ஊட்டினால் பாதி மூக்கில்தான் போகும். மச்சான் பொறுமையாக ஊட்டுகிறார், அவரிடம் வாங்குகிறார், அவ்வளவுதான். பகலுக்கு ஓர் ஆண் நர்ஸ் வைத்துக்கொள். அதற்கும் சரிவரவில்லை என்றால் டியூப்தான். நான் திருநெல்வேலியில் ஓர் ஆஸ்பத்திரியில் பேசிவிட்டேன். பெருநாளுக்கு முன்னால் வைத்துவிடலாம் என்கிறார்கள். நீ சரி என்று சொன்னால் போதும்.

நீ ஒருத்தி கிடந்து மாய்வதை இங்கிருந்து பார்க்க எனக்கு முடியவில்லை, லாத்தா. அதையும் யோசி.

மன்சூர்

*

தென்காசி
15 மார்ச் 2025

மன்சூருக்கு,

ஆஸ்பத்திரிக்குப் போனைப் போட்டு வேண்டாம் என்று சொல். முதலில் அதைச் செய், பிறகு மீதியைப் படி.

கை வேகம் என்றாயே, அது என்னைக் குத்திவிட்டது. மச்சானிடம் காட்டினேன். அவர் நேற்று வெள்ளிக்கிழமை கடைக்கு லீவு போட்டார். "பகலுக்கும் நானே கொடுக்கேன், நீ தள்ளி இரி" என்று கிண்ணத்தை வாங்கிக்கொண்டார். காலையில் கொடுத்தார், வாப்பா பல்லைக் கடித்தார். ஜும்ஆ முடிந்து வந்து கொடுத்தார், பல்லைக் கடித்தார். கைராசிக்காரர் முகம் தொங்கிவிட்டது. அவ்வளவு வருத்தத்திலும் எனக்கு அதைப் பார்க்கக் கொஞ்சம் ஆறுதலாக இருந்ததை மறைக்க மாட்டேன்.

சாயங்காலம் மச்சான் நோன்பு திறக்கப் பள்ளிக்குப் போய்விட்டார். நான் பள்ளியிலிருந்து வந்த நோன்புக் கஞ்சியை எடுத்துக்கொண்டு வாப்பா கட்டில் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். நோன்பு திறக்கச் சங்கு ஊதியது, பாங்கு வந்தது. நான் பேரீச்சம்பழத்தை வாயில் வைத்துக்கொண்டு திரும்புகிறேன், வாப்பா வாயைத் திறந்து வைத்துக்கொண்டிருக்கிறார். குஞ்சு திறப்பதுபோல். யாரும் கேட்கவில்லை, யாரும் கரண்டியை நீட்டவில்லை. நான் என் கஞ்சியிலேயே ஒரு கரண்டி எடுத்துக் கொடுத்தேன். விழுங்கினார். மறுபடியும் திறந்தார்.

விளங்குகிறதா? வாப்பா நோன்பு பிடித்துக்கொண்டிருக்கிறார்.

பிடிக்க வைத்ததே நான்தான். அவருக்குப் பாங்கு நன்றாகக் கேட்கட்டும் என்று, தலைப்பிறை பார்த்த அன்று கட்டிலை முன்னறை ஜன்னலோரம் மாற்றிப் போட்டேன். இரவில் தராவீஹ் தொழுகை முடிந்ததும் பள்ளிவாசல் அசரத் மைக்கில் நிய்யத் சொல்லித்தருவார் அல்லவா, அதை நான் கட்டில் பக்கத்தில் நின்று தினமும் உரக்கச் சொன்னேன். அவர் காதிலும் நல்ல வார்த்தை விழட்டும் என்றுதான். "நாளை நோன்பு பிடிக்க நிய்யத் செய்கிறேன்" என்று ஒரு மனிதரின் காதில் தினமும் ஓதிவிட்டு, காலையில் கஞ்சியோடு போய் நின்றால் அவர் என்ன செய்வார்? விடியுமுன் சஹருக்கு நாங்கள் எல்லாரும் சாப்பிட்டோம், அவருக்கு ஒரு வாய் கொடுக்க யாருக்கும் தோன்றவில்லை. வெறும் வயிற்றோடு பிடித்திருக்கிறார். ஜெயபிரியாவிடம் சொன்னேன். அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

இன்று காலை அசரத்தைக் கூட்டிவந்தேன். அவர் வாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "நோயாளிக்கு நோன்பு கடமையில்ல பாய். ஒரு நோன்புக்கு ஓர் ஏழைக்குச் சாப்பாடு கொடுத்தாப் போதும். அல்லா ஒங்களக் கேக்க மாட்டான். சாப்பிடுங்க" என்று தெளிவாகத்தான் சொன்னார். வாப்பா கண்ணை மூடிக்கொண்டார். அவர் போனதும் கஞ்சியைக் கொண்டுபோனேன். பல்லைக் கடித்துக்கொண்டார்.

ஐந்தருவியில் வைத்திருந்த பழக்கடையில் பேரம் பேசுபவர்களிடம் ஒரு விலை சொன்னால் சொன்னதுதான் என்று நிற்பாரே, அதே ஆள்தான். உள்ளே அப்படியே இருக்கிறார். எனக்குப் பயமாகவும் இருக்கிறது, சந்தோஷமாகவும் இருக்கிறது.

நூர்நிஷா

*

தம்மாம்
16 மார்ச் 2025

லாத்தா,

படித்துவிட்டு ரூமில் தனியாக உட்கார்ந்து அழுதேன். ஆஸ்பத்திரிக்குச் சொல்லிவிட்டேன். வேண்டாம் என்று சொல்லவில்லை, தள்ளிப் போடச் சொல்லியிருக்கிறேன்.

ஏனென்றால் காரணம் தெரிந்ததால் ஆபத்து போய்விடவில்லை. மாத்திரையை இப்படிப் பகல் முழுக்க நிறுத்தினால் திடீரென்று காய்ச்சல் வந்து உயிருக்கே மோசமாகலாம் என்று டாக்டர் எனக்கும் சொல்லியிருக்கிறார். இன்னும் பாதி நோன்பு கிடக்கிறது. பங்குனி வெயில் வேறு. ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல் எப்படித் தாங்குவார்?

எனக்கு ஒரு வழி தெரிகிறது. சாயங்காலம் சங்கையும் பாங்கையும் போனில் பதிவு செய்துகொள். மறுநாள் மதியம் லுஹர் தொழுகை முடிந்தபின் ஜன்னலைச் சாத்திவிட்டு அதைப் போடு. கஞ்சி வாசனையும் இருக்கட்டும். திறந்துவிடுவார். மாத்திரையும் போய்விடும், வயிறும் நிறையும். குழந்தைக்கு நிலாவைக் காட்டிச் சோறு கொடுப்பதில்லையா? அவர் நிய்யத் அவரிடம் இருக்கும், பாவம் இருந்தால் என் கணக்கில் போகட்டும். உயிர்தான் முதலில். இதற்கும் நீ மறுத்தால் எனக்கு டியூப்பைத் தவிர வேறு வழி தெரியவில்லை.

மன்சூர்

*

தென்காசி
20 மார்ச் 2025

மன்சூருக்கு,

நீ சொன்னபடி செய்தேன். யோசனை உன்னுடையது, கை என்னுடையது. அதனால் திட்டுவதற்கு எனக்கு வாயில்லை.

மச்சான் வேண்டாம் என்றார். "மாமாவ ஏமாத்தாத நூரு, அவுக கண்ண அப்புறம் எப்படிப் பாப்ப?" என்றார். நான் கேட்கவில்லை. திங்கட்கிழமை மதியம் ஜன்னலைச் சாத்தி, போனைத் தலைமாட்டில் வைத்துப் போட்டேன். சங்கு ஊதியதும் வாயைத் திறந்தார். ஒரு கிண்ணம் முழுக்க வாங்கினார், மாத்திரையும் போனது. கொஞ்ச நேரத்தில் விரல்கள் இளகின. நானே நீட்டி மடக்கிவிட்டேன். உன் மூளையை மெச்சி உனக்கு எழுதக்கூட நினைத்தேன்.

அப்போது பள்ளியில் பிற்பகல் அஸர் பாங்கு சொன்னார்கள். நோன்பு திறக்கும் மஃரிபுக்குப் பிறகு அஸர் வருமா, தம்பி? இதை நீயும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. எழுபத்தைந்து வயது முஸ்லிமுக்கு அது தெரியாமல் போகுமா? வாப்பாவின் கண் ஜன்னல் பக்கம் போனது, பிறகு என்மேல் வந்தது. முகம் அசையவில்லை, அசையவும் முடியாது. ஆனால் அந்தப் பார்வையை நான் மௌத்தாகும் வரை மறக்க மாட்டேன்.

அன்று மஃரிபுக்கு நிஜச் சங்கு ஊதியது. வாயைத் திறக்கவில்லை. மச்சான் கொடுத்தார், திறக்கவில்லை. எந்தச் சத்தத்தை நம்புவது என்று அவருக்குத் தெரியவில்லையோ, எங்களையே இனி நம்ப வேண்டாம் என்று முடிவு செய்தாரோ. அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. எந்தப் பக்கம் படுப்பது, எப்போது குளிப்பது, எந்தச் சட்டை போடுவது எல்லாம் நாம்தான் முடிவு செய்கிறோம். வாயைத் திறப்பதும் மூடுவதும் மட்டும்தான் அவர் கையில் மிச்சம் இருந்தது. அதையும் நான் போனைப் போட்டுத் திருடிவிட்டேன்.

கட்டிலோரம் உட்கார்ந்து சொன்னேன். "நாந்தான் வாப்பா பொய்யா பாங்கு போட்டேன். பசியாக் கெடக்கியளேன்னு செஞ்சுட்டேன். இனிச் செய்ய மாட்டேன். நீங்க நோன்பு புடிக்கணும்னா புடிங்க, நான் சஹருக்கு எழுப்புதேன்." சஹருக்குக் கஞ்சியோடு போனேன். ரொம்ப நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு திறந்தார். நான் அழுத அழுகையில் மச்சான் பயந்துபோய் எழுந்து வந்துவிட்டார்.

இப்போது முடிவைச் சொல்கிறேன். மறுநாளே டாக்டரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். நன்றாகத் திட்டினார். திட்டி முடித்து, மெதுவாகக் கரைகிற மாத்திரையாக மாற்றி, சஹருக்கும் நோன்பு திறந்தபின்னும் என்று நேரம் மாற்றிக் கொடுத்தார். காய்ச்சல் வந்தாலோ, மூத்திரம் கறுத்தாலோ அன்றோடு நோன்பு முடிந்தது, ஊசி வழியாகத் தண்ணீர் ஏற்ற வேண்டும் என்று நிபந்தனை. அந்த நிபந்தனையை வாப்பாவிடமும் வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். இரவில் சாய்த்து உட்காரவைத்து, தாடையைக் கீழே தாழ்த்தி, கெட்டியான கஞ்சியாகக் கொடுக்கிறேன். தண்ணீரைவிட அதுதான் புரை ஏறாமல் இறங்குகிறது. பகலில் ஈரத்துணியால் வாயைத் துடைத்துவிடுகிறேன், அதற்கு அவரிடம் மறுப்பில்லை.

குழாய் கிடையாது. ஏமாற்று கிடையாது. உன் பயம் நியாயம்தான், எனக்கும் இருக்கிறது. பயந்துகொண்டே செய்வேன். நீ டிக்கெட் போட்டால் ஊட்டுவதற்காக வா. குழாய் போடுவதற்காக வராதே.

நூர்நிஷா

*

தென்காசி
31 மார்ச் 2025, பெருநாள்

மன்சூருக்கு,

பெருநாள் தொழுகைக்குப் போகும் முன்பே மச்சான் வட்டிலப்பத்தைக் கொண்டுபோய் வைத்தார். வெளிச்சம் வந்துவிட்டது, பள்ளியில் தக்பீர் ஓதிக்கொண்டிருந்தார்கள். "இன்னைக்கிப் பெருநாள் வாப்பா, நோன்பு கெடையாது" என்றேன். உடனே திறந்தார். ஏமாற்றில்லாமல் பகலில் நான்கு வாரத்துக்குப் பிறகு என் கையால் வாங்கினார். எடை கொஞ்சம் குறைந்திருக்கிறது, அதை மறைக்கவில்லை. காய்ச்சல் வரவில்லை, முதுகில் புண் வரவில்லை.

இன்னொரு விஷயம். தூக்கித் தூக்கி எனக்குக் கர்ப்பப்பை இறங்கிவிட்டது. ஒரு வருடமாகத் துணியை வைத்துக் கட்டிக்கொண்டு ஓட்டுகிறேன். இனித் தள்ளிப்போட்டால் ஆபத்து என்கிறார்கள். பக்ரீத் முடிந்து ஆபரேஷன். உன் வீட்டுக்காரியை அனுப்பிவைக்கவா என்று கேட்காதே. நீ வா.

நூர்நிஷா

*

திருநெல்வேலி, ஆஸ்பத்திரி
17 ஜூன் 2025

தம்பி மன்சூருக்கு,

ஆபரேஷன் நன்றாக முடிந்தது. தையல் இழுக்கிறது, அவ்வளவுதான். மச்சான் நாற்காலியில் உட்கார்ந்து குறட்டை விடுகிறார், பக்கத்துக் கட்டில்காரி என்னை முறைக்கிறாள்.

வீட்டில் வாப்பா பக்கத்திலிருந்து நீ எழுதியதைப் படித்தேன். கஞ்சி கொடுத்தால் இப்போது பகலிலும் இரவிலும் இருமுகிறார், பாதி வெளியே வந்துவிடுகிறது என்கிறாய். இதை நானும் ஒரு மாதமாகப் பார்க்கிறேன். இது நோன்பில்லை. இது நோய்தான். டாக்டர் மறுபடி டியூப்பைப் பற்றிப் பேசியிருக்கிறார், வைத்தாலும் சரி வைக்காவிட்டாலும் சரி, குடும்பம் முடிவு செய்யட்டும் என்று. டியூப் வைத்தாலும் எச்சில் புரை ஏறத்தான் செய்யும், வைக்காவிட்டால் உடம்பு மெல்ல மெல்லக் குறையும் என்று அவர் ஒளிக்காமல் சொன்னதும் நல்லதுதான்.

'நீ சொல்லு லாத்தா' என்று எழுதியிருக்கிறாய். நான் சொல்ல மாட்டேன். மார்ச் மாதம் குழாய் கிடையாது என்று தீர்ப்புச் சொன்னேனே, அன்றும் அவரைக் கேட்காமல்தான் சொன்னேன். நீ போய் அவரிடமே கேள். வைத்தால் என்ன ஆகும், வைக்காவிட்டால் என்ன ஆகும், இரண்டையும் சொல்லிக் கேள். குழந்தையிடம் பேசுவதுபோல் பேசாதே. பதில் வரும்வரை காத்திரு. அவருக்கு நேரம் ஆகும். நம்மால் கேட்க முடியாத பதிலாக இருந்தாலும் கேட்டுக்கொள்.

நூர்நிஷா

*

தென்காசி
20 ஜூன் 2025

லாத்தா,

உடம்பைப் பார்த்துக்கொள். குனியாதே. வீட்டைப் பற்றிக் கவலைப்படாதே.

உன் கடிதம் வந்து இரண்டு நாள் நான் அவரிடம் பேசவே இல்லை. புரட்டிவிட்டேன், துடைத்துவிட்டேன், குதிகாலுக்கு எண்ணெய் போட்டேன். இந்தக் கேள்வியை மட்டும் வாயில் வைத்துக்கொண்டே சுற்றினேன். தம்மாமிலிருந்து கத்துவது எவ்வளவு லேசாக இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து கேட்க நாக்கு எழவில்லை.

இன்று காலை சாரல் அடித்துக்கொண்டிருந்தது. ஜெயபிரியா வந்து எடை பார்த்துவிட்டு, இன்னும் குறைந்திருக்கிறது என்றாள். அவளையே சாட்சிக்கு உட்காரவைத்துக்கொண்டு கேட்டேன். முதலில் ஸ்பீக்கரில் பேசியதற்கு மன்னிப்புக் கேட்டேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். வயிற்றில் எங்கே ஓட்டை போடுவார்கள், அதில் எது போகும், வைக்காவிட்டால் எப்படி ஒடுங்கிப்போவார் என்று. மௌத் என்ற வார்த்தையையும் சொன்னேன் லாத்தா. அவர் கண் என்னைவிட்டு நகரவில்லை.

"டியூப் வேணும்னா வாயத் தொறங்க வாப்பா. வேண்டாம்னா மூடிக்கிடுங்க" என்றேன். ரொம்ப நேரம் காத்திருந்தேன். வாய் மூடியே இருந்தது.

எனக்கு மனசு ஒப்பவில்லை. திறக்க முடியாமல்தான் மூடியிருக்கிறாரோ, காதில் விழவில்லையோ என்று தோன்றியது. உண்மையைச் சொன்னால், அப்படி இருக்கட்டும் என்று ஆசைப்பட்டேன். அதனால் கேள்வியைத் திருப்பிப் போட்டேன். "டியூப் வேண்டாம்னா வாயத் தொறங்க."

உதடு முதலில் நடுங்கியது. ஜெயபிரியா என் தோளைப் பிடித்துக்கொண்டாள். மெதுவாக, ரொம்ப மெதுவாக, வாப்பா வாயைத் திறந்தார். நான் பார்த்துவிட்டேனா என்று உறுதி செய்வதுபோல் திறந்தே வைத்திருந்தார். "வெளங்கிட்டு வாப்பா, மூடிக்கிடுங்க" என்று நான் சொன்னபிறகுதான் மூடினார்.

டாக்டருக்குப் போன் செய்து வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவர் ஒரே ஒரு தடவைதான் கேட்டார், யாருடைய முடிவு என்று. வாப்பாவுடைய முடிவு என்றேன். சரி என்றார். இனி நெஞ்சில் சளி கட்டினால் என்ன செய்வது, வலி தெரியாமல் எப்படி வைத்துக்கொள்வது என்று ஜெயபிரியா எனக்குச் சொல்லித்தருகிறாள். நான் இங்கேயே இருக்கிறேன். கம்பெனிக்கு எழுதிவிட்டேன். வேலை போனால் போகட்டும்.

மதியம் வட்டிலப்பம் மாதிரி வழவழப்பாகச் செய்து கொடுத்தேன். கொஞ்சம் இறங்கியது, கொஞ்சம் வெளியே வந்தது. நான் பயப்படவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் என் கையில் வேகம் இல்லை. அவர் திறக்கிற வரைக்கும் ஊட்டுவேன். மூடினால் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, பக்கத்திலேயே இருப்பேன்.

மன்சூர்